தொண்ணூற்றாறு படியும் என் கட்டைவிரலும்

போன மாதம் எங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் முதியோருக்கு ஒரு முகாம் வைத்தார்கள். வரிசையில் உட்கார்ந்திருந்த என் சுட்டுவிரலில் நர்ஸ் பெண் ஒருத்தி துணி கிளிப் போன்ற ஒன்றை மாட்டினாள். கையைச் சரியாக நீட்டுவதற்குள் அதில் எண் வந்துவிட்டது. நாடித்துடிப்பு அறுபத்திரண்டு.

"எம்பது தாண்டியும் இப்படியா? என்னதானுங்க தாத்தா சாப்பிடறீங்க?" என்று கேட்டாள்.

பக்கத்தில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த இன்னொருத்தி, "இவரு வள்ளி கும்மி ஆடறாருக்கா. போன நோம்பிக்கு எங்கப்பாவே பாதியில உக்காந்துட்டாரு. இவரு கடைசி வரைக்கும் நின்னு ஆடுனாரு" என்று போட்டுக்கொடுத்தாள். அவ்வளவுதான். வயதான காலத்தில் ஓடியாடி இருப்பது எப்படி என்று பத்து நிமிடம் பேச வேண்டும் என்று இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள்.

நான் பேசவில்லை. இந்த உடம்பைப் பற்றி நான் பெருமையடித்துக்கொள்ள நியாயமில்லை. இது ஒழுக்கத்தால் வந்ததல்ல, யோகத்தால் வந்ததல்ல. எனக்கு முப்பத்துநான்கு வயதில் ஒரு டாக்டர் எழுத்துமூலம் கொடுத்த தண்டனை. வாயால் சொன்னால் கூட்டம் சிரிக்கும், எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுதியாகிவிட்டது, படித்துக்கொள்ளட்டும்.

நான் கம்பவுண்டர். மருந்து கலக்குவது, கட்டுப் போடுவது, ஊசி போடுவது, டாக்டர் இல்லாத நேரத்தில் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது, எல்லாம் எங்கள் வேலை. கோயமுத்தூரில் ஒன்றரை வருடம் பயிற்சி. அதில் எனக்கு இன்றும் நினைவிருப்பது இரண்டே விஷயம். ஒன்று ஹாஸ்டல் சாம்பார். இன்னொன்று, நாடி பார்க்கக் கற்றுக்கொடுத்த சிஸ்டர் கையில் இருந்த மர ஸ்கேல். "மூணு விரலு வெச்சுப் பாக்கோணும். கட்டைவிரல வெச்சீன்னா அதுக்குச் சொந்தமா ஒரு துடிப்பு உண்டு. நோயாளிய உட்டுப்போட்டு உன்னையே எண்ணிக்கிட்டு இருப்ப" என்று சொல்லி, வைத்தவன் கட்டைவிரலில் ஒன்று போடுவார். எனக்கும் இரண்டு முறை விழுந்தது. இரண்டும் போதவில்லை என்பதுதான் இந்தக் கதை.

என் ஊர் எருத்தேன்பதி. நிலக்கடலையும் தென்னையும் வெயிலும் தவிர வேறு ஒன்றும் தெரியாத ஊர். அங்கிருந்து மூணாறு பக்கத்து மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் டிஸ்பென்சரிக்கு வேலைக்குப் போனபோது என் எடை ஐம்பத்தாறு கிலோ. மலைக்குளிரும், உட்கார்ந்த வேலையும், என் மனைவி தெய்வானை சுடும் நெய் தோசையும் கூட்டுச் சேர்ந்து எழுபதுகளின் நடுவில் என்னை எண்பத்தொன்றுக்குக் கொண்டுபோய் நிறுத்தின. ஒற்றையடிப் பாதையில் நான் எதிரே வந்தால் தொழிலாளர்கள் ஒதுங்கி நிற்பார்கள். மரியாதை என்று நினைத்திருந்தேன். இடம் போதாமல் ஒதுங்கினார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த எஸ்டேட்டில் ஐம்பத்தெட்டு வயது நிறைந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். டாக்டர் உடல்தகுதி உண்டு என்று எழுதிக்கொடுத்தால் மட்டும் ஒரு வருடம் நீட்டிப்பார்கள். அடுத்த வருடம் மறுபடி பரிசோதனை. வேலை போனால் லயத்து வீடும் போகும். லயம் என்பது தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கொடுத்திருக்கும் வரிசை வீடுகள். பதினெட்டு வயது நிறைந்த பிள்ளை இருந்தால் அதன் பேரை வேலையில் பதிந்து வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பழைய டாக்டர் காலத்தில் இந்தப் பரிசோதனை அரை நிமிடத்தில் முடியும். "நிக்கியா? நில்லு. நடக்கியா? நட. சரி, போ." அவர் ஓய்வு பெற்றுப் போனதும் டாக்டர் குறுப்பு வந்து சேர்ந்தார். ஒற்றப்பாலம் பக்கத்து மலையாளி. என்னைவிடப் பருமன். ஆனால் யாரும் அவரைப் பார்த்து அப்படி நினைக்க முடியாது, அவர் உட்கார்ந்திருக்கும் விதம் அப்படி. குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். ரொம்பக் கோபம் வந்தால் என்னை "மிஸ்டர் பழனிச்சாமி" என்று கூப்பிடுவார். வந்த முதல் வாரத்திலேயே நான் ஆறு தடவை மிஸ்டர் ஆகிவிட்டேன்.

"எடோ, முன்னாடி இருந்த டாக்டர் செய்தது டெஸ்ட் அல்லா, ஜோசியம். நம்ம சயன்ஸ் செய்யணும்" என்றார்.

சயன்ஸ் நான்கு பகுதியாக இருந்தது. முதலில் எடை. டிஸ்பென்சரித் தராசு குழந்தைகளுக்கானது என்பதால் கொழுந்து நிறுக்கும் தராசையும், அதை நிறுக்கும் கிளார்க்கையும் வரவழைத்தார். அந்தக் கிளார்க் இருபது வருடமாகக் கொழுந்து நிறுத்து ஈரத்துக்கு இரண்டு கிலோ கழித்தே பழகியவர். எல்லாக் கிழவன் கிழவிக்கும் ஈரத்துக்கு இரண்டு கிலோ கழித்து எழுதிவிட்டார். இரண்டாவது கண். எழுத்துப் பலகை இருந்தது, ஆனால் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. அதனால் பத்தடி தள்ளி நின்று ஒரு தேயிலைத் துளிரை நான் தூக்கிக் காட்ட, அது பறிக்க வேண்டிய கொழுந்தா முற்றின இலையா என்று அவர்கள் சொல்ல வேண்டும். மூன்றாவது, கையைத் தரையில் ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழ வேண்டும்.

நான்காவதுதான் என்னைக் கொன்றது. டிஸ்பென்சரி வாசலிலிருந்து தேயிலை பேக்டரிக்குத் தொண்ணூற்றாறு கல்படி. முதுகில் ஐந்து கிலோ கல் போட்ட கூடையோடு நிற்காமல் ஏற வேண்டும். கீழே டாக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊதுவார். மேலே போய்ச் சேர்ந்த நொடியில் நாடியை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். நூற்றைம்பதைத் தாண்டினால் தகுதி இல்லை. முடிவை எழுதி, அதற்குக் கீழே சாட்சிக் கையெழுத்தும் போட வேண்டும்.

"எண்ணுறது ஆருங்க?" என்று கேட்டேன்.

"நீதான். சாட்சியும் நீதான்."

"மேல போயி நின்னுக்கட்டுங்களா?"

"அது பற்றில்லா, முடியாது. ஒவ்வொரு ஆள்கூடயும் கீழேயிருந்து ஏறணும். நடுவில ஆராவது விழுந்தால் பிடிக்க ஆள் வேண்டே?"

இருபத்துமூன்று பேர். நான் இருபத்துமூன்று தடவை. பரிசோதனை அவர்களுக்கு, ஏறி இறங்கியது நான். முதல் நாள் கீழ் லயத்துக்காரர்கள் எட்டுப் பேர், இரண்டாம் நாள் நடு லயத்தில் எட்டு, மூன்றாம் நாள் மேல் லயத்தில் ஏழு என்று டாக்டர் பட்டியல் போட்டிருந்தார். முதல் நாள் மூன்றாவது ஆளோடு மேலே போனபோதே என் காதுக்குள் பேக்டரி ஓடுவது போல இருந்தது. ஜனவரி மாதக் குளிர் வேறு. காலையில் பச்சைத் தண்ணீரில் மருந்துக் குப்பிகள் கழுவிய கை, விரல் நுனியில் உணர்ச்சியே இல்லை. மூன்று விரல் வைத்து அழுத்திப் பார்க்கிறேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. கட்டைவிரலை வைத்தேன். அடடா, திம் திம் என்று மணி அடித்த மாதிரி கிடைத்தது. சிஸ்டர் கோயமுத்தூரில் இருந்தார், ஸ்கேலும் அங்கேதான் இருந்தது. அப்படியே எண்ணி எழுதினேன். அதன்பிறகு எல்லோருக்கும் கட்டைவிரல்தான்.

மூன்றாம் நாள் கடைசி ஆள் சூசையம்மாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறிய வேதக்காரக் குடும்பம். இடுப்பில் ஈரம் படாமல் கட்டும் படங்குச் சாக்கு, தலையில் முக்காடு, ஒல்லியான உடம்பு. கொழுந்து பறிப்பதில் அந்தம்மாவை முந்த இருபது வயதுப் பிள்ளைகளால்கூட முடியாது. நான் பத்தடி தள்ளி நின்று துளிரைத் தூக்கிக் காட்டினேன்.

"கொழுந்துதான். ஆனா நேத்துப் பறிச்சது, வாடிப் போச்சு. புதுசு ஒண்ணு கெடைக்கலியாக்கும்?" என்றார் சூசையம்மாள்.

டாக்டர் ரிஜிஸ்டரைப் பார்த்தார். "வயசு ஐம்பத்தெட்டு?"

"ரிஸ்தர்ல அம்பத்தெட்டுய்யா. நெசத்துல அம்பத்திநாலு. எனக்குப் பத்து வயசுல பேர் பதிய வந்தாக. பதினாலுன்னு சொன்னாத்தான் கூடைய கையில குடுப்பாகன்னு எங்கம்மா நாலு வயசு கூட்டிச் சொல்லிட்டா. குதிகால எக்கி நின்னேன். எழுதிக்கிட்டாக."

அந்த மலையில் பாதிப் பேர் கதை இதுதான். அன்று பசிக்குக் கூட்டிச் சொன்ன வயது இன்று வந்து கதவைத் தட்டும். டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "எழுதினது எழுதினதுதான் அம்மா" என்றார்.

"சரிய்யா, எழுதினத மாத்த வேண்டாம். ஆனா அந்த நாலு வருசம் எனக்கு வேணும். எனக்கு ஒத்தப் பிள்ள, பிந்திப் பெறந்தவ. பதினாலு வயசு. பள்ளிக்கூடம் போறா. நாலு வருசம் நான் தாக்குப் பிடிச்சா அவளுக்குப் பதினெட்டு ஆயிரும், வீடு நிக்கும். இல்லைன்னா எங்கம்மா செஞ்சத நானும் செய்யணும். பிள்ளைக்கு வயசக் கூட்டிச் சொல்லி, பொஸ்தகத்தப் பிடுங்கிட்டு கூடையக் குடுக்கணும். அத நான் செய்ய மாட்டேன்."

டாக்டர் விசில் ஊதினார். சூசையம்மாள் ஏறிய வேகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தம்மாவின் வீடு பேக்டரிக்கும் மேலே. தினம் நான்கு தடவை ஏறி இறங்கும் படி. இருபதாவது படியில் திரும்பிப் பார்த்து, "கம்பவுண்டரய்யா, வாரீகளா?" என்றார். பதில் சொல்ல எனக்கு மூச்சில்லை. ஐம்பதாவது படியில் முழங்காலில் கை ஊன்றினேன். மேலே போனபோது அந்தம்மா எனக்காகக் கல்லில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டைப் பிடித்தேன், கட்டைவிரலை வைத்தேன். நூற்றைம்பத்தாறு.

எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

டாக்டர் அன்று மத்தியானமே ஒரு பெரிய தாளில் சிவப்பும் நீலமுமாகக் கோடு வரைந்தார். கீழ் லயத்தில் நூற்று முப்பது, நூற்று முப்பத்தைந்து. நடு லயத்தில் நூற்று நாற்பது. மேல் லயத்தில் நூற்று நாற்பத்தைந்துக்கு மேல். கடைசியில் சூசையம்மாள். கோடு சீராக ஏறிப் போயிருந்தது. டாக்டர் அதைச் சுவரில் ஒட்டி, தள்ளி நின்று பார்த்தார்.

"கண்டோ? மேலே போகப் போக இருதயம் வீக் ஆகுது. காற்று கம்மி. இதை ஒரு மெடிக்கல் பத்திரிகைக்கு அனுப்பணும்."

கீழ் லயத்துக்கும் மேல் லயத்துக்கும் உயரம் இருநூறு அடிகூட இருக்காது. எனக்கும் அது தோன்றியது. ஆனால் மிஸ்டர் ஆகப் பயந்து, "ஆமாங்க டாக்டர்" என்றேன். தேறியவர்கள் இருபத்திரண்டு பேர். சூசையம்மாள் பேருக்கு நேரே தகுதி இல்லை. பட்டியல் சனிக்கிழமை பத்து மணி டப்பாலில், அதாவது எஸ்டேட் தபாலில், மானேஜர் ஆபீசுக்குப் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பறித்த கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, கூடையோடு நேரே என் மருந்து ஜன்னலுக்கு வந்தார் சூசையம்மாள். நான் பெஞ்சில் கால் நீட்டி, முழங்காலுக்கு வலி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"நெஞ்சு வேகமா அடிச்சுதுன்னு எழுதிட்டீகளாமே. எனக்கு ஒண்ணும் அடிக்கலியே."

"உங்குளுக்குத் தெரியாதுங்கம்மா. உள்ளாற அடிக்குமுங்க."

"என் நெஞ்சு எனக்குத் தெரியாதாக்கும்? இப்பத்தான் அந்தப் படி ஏறி, பேக்டரிக்குப் போயி, எறங்கி வாரேன். பாருங்க" என்று ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார்.

என் வலது கை முழுக்க எண்ணெய். அதனால் இடது கையின் மூன்று விரலை வைத்தேன். அன்று பொழுதெல்லாம் ஊசி கொதிக்கவைக்கும் அடுப்புப் பக்கம் நின்றதால் விரல்கள் சூடாக இருந்தன. மெதுவாக, அழகாக, எழுபத்தாறு. சந்தேகப்பட்டு கட்டைவிரலை வைத்தேன். தொண்ணூற்றெட்டு. மறுபடி மூன்று விரல். எழுபத்தாறு.

ஒரே கையில் ஒரே நேரத்தில் இரண்டு எண் எப்படி வரும்? என் கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு. முதல் இரண்டு பேருக்குப் பிறகு நான் எண்ணியது இருபத்தொரு பேரை அல்ல, என் ஒருவனை, இருபத்தொரு தடவை. முதல் நாள் சுமாராக இருந்தவன் மூன்றாம் நாள் சாகக் கிடந்தேன், அதுதான் டாக்டர் வரைந்த கோடு. இருபது பேர் என் நெஞ்சால் தேறினார்கள். ஒருத்தி என் நெஞ்சால் தோற்றுப்போனார்.

"என்னய்யா, மொகம் வெளுத்துப் போச்சு?" என்றார் சூசையம்மாள்.

"காலையில சொல்றனுங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். உடனே சொல்லத் தைரியம் வரவில்லை. அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

வீட்டில் இரண்டு தோசையோடு கை கழுவினேன். தெய்வானை தோசைக்கல்லை இறக்கி வைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். எட்டுத் தோசைக்குக் குறைந்தால் எனக்குக் காய்ச்சல் என்பது அவள் கணக்கு. எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும் என்றும் சொன்னேன்.

அவள் என் தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "ஏனுங்க, ஒங்க நெஞ்சு படபடன்னு அடிச்சதுக்கு அந்தம்மா எதுக்குங்க ஊட்டக் காலி பண்ணோணும்? காத்தால மொத வேலையாப் போயிச் சொல்லீருங்க. வேல போனாப் போவுது, எருத்தேன்பதியில கடலக்கா பொறுக்கலாம்" என்றாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டாக்டர் முன்னால் போய் நின்றேன். பட்டியல் கவரில் போட்டு மேசை மேல் இருந்தது. அதற்குப் பக்கத்தில் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரையும் இருந்தது, அழகான கையெழுத்தில் ஏழு பக்கம்.

"டாக்டர், தப்பு பண்ணிப்போட்டனுங்க. கட்டவெரல வெச்சு எண்ணிப்போட்டனுங்க."

"எத்தனை ஆள்?"

"முக்காலே மூணுவீசம் பேருங்க. மொத ரெண்டு பேருக்கு மட்டும் சரியா வெச்சனுங்க."

கண்ணாடி கழன்றது. வேட்டி நுனி மேலே வந்தது. துடைத்தார், துடைத்தார், கண்ணாடியே தேய்ந்துவிடும் போலிருந்தது. நான் மிஸ்டருக்காகக் காத்திருந்தேன். அவர் எழுந்து சுவரில் இருந்த படத்தின் முன்னால் போய் நின்றார். சிவப்புக் கோட்டை விரலால் கீழிருந்து மேலே தடவிக்கொண்டு போனார்.

"அப்போ இது..."

"நானுங்க" என்றேன்.

"முழுதும்?"

"முழுசும் நான்தானுங்க டாக்டர்."

ஏழு பக்கக் கட்டுரையை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பட்டியல் கவரையும் எடுத்து மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். டப்பால்காரனிடம், திங்கள் முதல் மறுபரிசோதனை என்று மானேஜருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"மிஸ்டர் பழனிச்சாமி. ஒரு வியாதிக்காரனும் என்கிட்ட இத்தனை தடவை டெஸ்ட் எடுத்ததில்லை. நீ எத்தனை பேரைத் தோற்கடித்தாய் என்றது இருக்கட்டே. எத்தனை பேரை ஜெயிக்க வைத்தாய்? அதை நினைச்சோ?"

நான் நினைத்திருக்கவில்லை.

மறுபரிசோதனையில் டாக்டரே மேலே நின்று எண்ணினார். அவர் படி ஏறவில்லை, சுற்றுப் பாதையில் ஜீப்பில் போனார். என் தண்டனை, பழையபடியே ஒவ்வொருவரோடும் ஏறுவது. சூசையம்மாளைத்தான் முதலில் கூப்பிட்டார். மேலே போய்ச் சேர்ந்ததும் வலது கையால் அந்தம்மா மணிக்கட்டையும் இடது கையால் என் மணிக்கட்டையும் பிடித்தார். ஜீப் டிரைவர் கடிகாரத்தை டாக்டர் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். முதலில் அந்தம்மாவை எண்ணினார், அடுத்த நிமிடம் என்னை.

"அம்மா, நூற்று நாலு. பழனிச்சாமி, நூற்று அறுபத்திரண்டு." டிரைவர் சிரித்தார்.

சூசையம்மாள் டாக்டரைக் கேட்டார்: "ஐயா, நீங்க ஏறலியா?"

"ஞானும் ஏறினால் எண்ண ஆள் வேண்டே?" என்றார் டாக்டர். ஆனால் காது சிவந்துவிட்டது.

சூசையம்மாளுக்கு ஒரு வருடம் எழுதினார். மற்றவர்களும் தேறினார்கள், காவல்காரர் அந்தோணிமுத்துவைத் தவிர. என் கட்டைவிரல் அவருக்கு நூற்று முப்பத்திரண்டு என்று நல்ல மார்க் போட்டிருந்தது. டாக்டர் விரல் வைத்ததும் முகம் மாறிவிட்டது. அவருக்கு நாடி மூன்று அடித்து ஒன்றை விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தது. அன்றே ஜீப்பில் டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார், திரும்பி வந்ததும் உட்கார்ந்து பார்க்கும் வேலையாக மாற்றிக்கொடுக்கச் சொன்னார். என் எழுத்தை நம்பியிருந்தால் அந்த மனுஷன் ஏதாவது ஒரு மேட்டில் விழுந்திருப்பார்.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதைவிடப் பெரிதாக ஒன்று செய்தார். ரிஜிஸ்டரில் இருபத்துமூன்று பேருக்குக் கீழே இருபத்துநான்காவதாக என் பேரை எழுதினார். வயது முப்பத்துநான்கு. தகுதி இல்லை. குறிப்பு: "தினமும் காலை மாலை படி ஏற வேண்டும். ஏறும்போது நிற்காமல் பேச முடிகிற நாள்வரை ஒவ்வொரு ஜனவரியும் இவரும் பரிசோதனைக்கு வர வேண்டும்."

மறுநாள் காலையிலிருந்து தொடங்கியது. சூசையம்மாள் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, இறங்கி வரும் நேரத்தில் நான் ஏறுவேன், அந்தம்மா வேலை முடிந்து ஏறும்போது நானும் கூட ஏறுவேன். முதல் மாதம் பேச்செல்லாம் அந்தம்மாதான். மகள் லூர்து கணக்கில் எடுத்த மார்க், சர்ச் திருவிழாவுக்கு நடந்தே போய் வந்தது, கிறிஸ்துமஸ் பஜனையில் விடிய விடிய ஆடியது, ஆடாமல் உட்கார்ந்திருந்த கிழவர்களுக்கு விழுந்த திட்டு. நான் "ம்" என்று மட்டும் சொல்வேன். பாதி வழியில் அந்த "ம்"மும் போய்விடும். "பதில் சொல்லுங்கய்யா, செவுத்துக்கிட்ட பேசுத மாரி இருக்கு" என்பார். தெய்வானை தோசையை நான்காக்கினாள். அதில் நெய் எங்கே என்று கேட்டதற்கு, "படியில ஏறிப்போயித் தேடுங்க" என்றாள்.

இரண்டாம் வருடம் என் பேருக்கு நேரே "தகுதி இல்லை, ஆனால் முயற்சி உண்டு". மூன்றாம் வருடம் "கிட்டத்தட்ட". ஒரு நாள் விடியற்காலை கொஞ்சம் சீக்கிரமே ஏறப் போனேன். நாற்பதாவது படியில் பனிமூட்டத்துக்குள் டாக்டர் குறுப்பு உட்கார்ந்து கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். கான்வாஸ் ஷூ புதிது. "காட்சி பார்க்கிறேன்" என்றார். பனியில் என் மூக்கே எனக்குத் தெரியவில்லை. "நல்ல காட்சிங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொன்னால் தப்பில்லை.

சூசையம்மாள் நான்கு ஜனவரியும் ஏறினார், நான்கிலும் தேறினார். கடைசி வருடத்தில் முழங்கால் கொஞ்சம் பிடித்தது. அந்த வருடம் மேலே போய்ச் சேர்ந்து நாடிக்குக் கை நீட்டியபோது மட்டும் அந்தம்மா கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். டாக்டர் எண்ணி முடித்து, "நூற்றுப் பன்னிரண்டு. போங்க அம்மா, கொழுந்து எடுங்க" என்றார்.

அந்த வருடமும் முடிந்து லூர்துவுக்குப் பதினெட்டு நிறைந்தது. பத்தாவது தேறி, எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குப் பேர் பதிந்தாள், நிஜ வயதில். வீடு அவள் பேருக்கு மாறியது. சூசையம்மாள் வேலைப் பதிவிலிருந்து தன் பேரை எடுத்துக்கொள்வதற்குக் கைநாட்டு வைக்க டிஸ்பென்சரிக்கு வந்தார். டாக்டர் அன்றைக்கே என்னையும் ஏறச் சொன்னார். ஏறினேன், எண்ணினார், நூற்றுப் பதினெட்டு. ரிஜிஸ்டரில் என் பேருக்கு நேரே முதல் முறையாகத் தகுதி உண்டு என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார்.

"சாட்சி வேணுமல்லோ. எப்போதும் சாட்சி நீ. உனக்கு நீயே சாட்சி போட முடியாது."

மை டப்பா திறந்தபடி இருந்தது. சூசையம்மாள் கட்டைவிரலை மறுபடி மையில் தோய்த்து, என் பேருக்குக் கீழே அழுத்தி வைத்தார். குனிந்து அதை நன்றாகப் பார்த்தார்.

"கம்பவுண்டரய்யா, இது என் கட்டவெரலு. நல்லாப் பாத்துக்கிடுங்க. பிறகு ஒங்களுதுன்னு எழுதிப் போடாதீக."

டாக்டர் குறுப்பு சிரித்ததை நான் பார்த்தது அன்று ஒரு முறைதான். வயிறு குலுங்கி, கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நாற்பத்தெட்டு வருடம் சுமந்த கூடையை அந்தம்மா கையில் எடுத்தார். நான் வாங்கி என் முதுகில் போட்டுக்கொண்டேன். லூர்து பேருக்கு மாறிய வீட்டைப் பார்க்க இருவரும் படி ஏறினோம். இனிமேல் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். வட்டவடையில் தங்கச்சி நிலத்தில் பூண்டு போடப் போவதாகச் சொன்னார். பூண்டுக்கு எத்தனை உழவு என்று கேட்டேன், அவர் சொன்னார். எங்கள் ஊரில் நிலக்கடலைக்கு எத்தனை என்று அவர் கேட்டார், நான் சொன்னேன். தொண்ணூற்றாறாவது படிவரை பேசிக்கொண்டே போனோம்.